இரண்டாம் ஆண்டில் எம்.பி.பி.எஸ்.-ஐ விட்டு இயற்பியலுக்குப் போகலாமா?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடற்கரைக் கிராமம். அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முதலாண்டில் அரியர் எதுவும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்தே மனசு இயற்பியலில்தான். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். "இப்போதே விட்டுவிடலாமா, முடித்துவிட்டுப் போகலாமா?"

ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் மூன்று கேள்விகள் இதில் பின்னிக் கிடக்கின்றன. மருத்துவம் உண்மையிலேயே பிடிக்கவில்லையா, முதலாண்டு பிடிக்கவில்லையா? இயற்பியலைச் செய்யப் பிடிக்கிறதா, அதைப் பற்றிக் கேட்கப் பிடிக்கிறதா? இந்த மாற்றத்தின் செலவையும் காலத்தையும் வீடு தாங்குமா? முதல் இரண்டுக்கும் யோசித்துப் பதில் கிடைக்காது, செய்து பார்த்தால்தான் கிடைக்கும். மூன்றாவதைக் காகிதத்தில் எழுதிக் கணக்குப் பார்த்துவிடலாம். பதில் தெரியும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். இயற்பியல் சீட் கையில் வராமல் மருத்துவ சீட்டை விடக் கூடாது என்பதே என் பதிலின் அடிப்படை. மீதியெல்லாம் அதற்கான வேலைத்திட்டம்தான்.

முதலில் மருத்துவம். முதலாண்டில் நீங்கள் பார்த்தது உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். அதாவது டிசெக்‌ஷன் ஹால், ஹிஸ்டாலஜி ஸ்லைடு, ரெக்கார்ட் நோட்டு, வைவா. மனப்பாடச் சுமை அங்கேதான் உச்சம். நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் வந்து, வார்டு போஸ்டிங்கும் தொடங்கும் இரண்டாம் கட்டத்தில்தான் மருத்துவம் என்ற தொழில் கண்ணில் படுகிறது. முதலாண்டை வைத்து மருத்துவத்தை வெறுப்பதும் சரியாகாது, 'போகப் போகப் பிடித்துவிடும்' என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி உட்கார்ந்திருப்பதும் சரியாகாது. போஸ்டிங்கில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு நோயாளியின் கதையைக் கேட்டு எழுதும்போது அடுத்த கேள்வி உங்களுக்குத் தானாக வருகிறதா, அல்லது கடிகாரத்தைப் பார்க்கிறீர்களா? இரண்டு மாதம் கவனித்தால் போதும், ஏமாற்ற முடியாத அறிகுறி அது.

'இயற்பியல் பிடிக்கும் என்றால் ரேடியாலஜி எடுத்துக்கொள்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்லும் தவறான ஆறுதல் அது. எம்.ஆர்.ஐ.க்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் அழகானதுதான். ஆனால் ரேடியாலஜிஸ்ட்டின் அன்றாட வேலை படம் பார்த்து அறிக்கை எழுதுவது, சமன்பாடு தீர்ப்பதில்லை. மயக்கவியலில் வாயு விதிகள் வரும், கண் மருத்துவத்தில் ஒளியியல் வரும், இதய மருத்துவத்தில் டாப்ளர் வரும். எல்லாமே கருவியாக வரும், ஆராய்ச்சிப் பொருளாக வருவது அரிது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் டோஸ் கணக்கிடும் மெடிக்கல் பிசிசிஸ்ட் என்ற பணி இருக்கிறதே, அதற்கும் எம்.பி.பி.எஸ். வழியாகப் போக முடியாது. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் இருப்பது போன்ற எம்.எஸ்ஸி. மெடிக்கல் பிசிக்ஸ் முடிக்க வேண்டும். இல்லையென்றால் எம்.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ரேடியாலஜிக்கல் பிசிக்ஸ் டிப்ளமோ வாங்க வேண்டும். மருத்துவமனைக்குள்ளேயே இயற்பியல் செய்ய ஆசையிருந்தால் இந்தத் தகவல் உங்கள் முடிவையே மாற்றக்கூடும்.

இனி இயற்பியல். கருந்துளை வீடியோவும் குவாண்டம் கதைகளும் பார்த்து வரும் ஆசையை நான் மட்டம் தட்டவில்லை, பலருக்கும் தொடக்கம் அதுதான். ஆனால் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் அவை இருக்காது. வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் கால்குலஸ், அணிக் கணிதம், அலைவு, மின்காந்தவியல் என்று ஓடும். ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சமன் செய்து, கிரேட்டிங்கை வைத்து, கோணத்தை வெர்னியரில் படித்து, பிழை எவ்வளவு என்று கணக்கிட்டு ரெக்கார்ட் எழுதும் மூன்று மணி நேரமும், நீங்கள் சலித்துக்கொள்ளும் ஹிஸ்டாலஜி வகுப்புக்குக் குறைந்த சலிப்புத் தருவதில்லை. பாடம் மாறினாலும் மாணவ வாழ்க்கையின் சலிப்பு மாறுவதில்லை என்பதைக் கணக்கில் வையுங்கள்.

உங்கள் ஊர்க் கடலிலிருந்தே ஒரு சோதனை தருகிறேன். பாம்பன் கால்வாயின் வடபுறம் பாக் நீரிணை, தென்புறம் மன்னார் வளைகுடா. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நீர்மட்டத்தில் 10 செ.மீ. வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் என்ன வேகத்தில் ஓடும்? பெர்னூலி விதிப்படி 2 × 9.8 × 0.1, அதன் வர்க்கமூலம், நொடிக்கு 1.4 மீட்டர். பிளஸ் டூ இயற்பியல் இங்கே முடிகிறது. அதற்கடுத்த கேள்வியில்தான் பட்டப்படிப்பு தொடங்குகிறது. அடித்தரையின் உராய்வைச் சேர்த்தால் என்ன ஆகும்? கணக்குக்காகக் கால்வாயின் நீளம் 2 கி.மீ., ஆழம் 4 மீட்டர், உராய்வு எண் 0.0025 என்று வைத்துச் செய்தால் வேகம் நொடிக்கு சுமார் 0.75 மீட்டருக்கு இறங்கிவிடும். இந்த எண் எப்படி வந்தது என்று நீங்களே வருவியுங்கள். பிறகு, நின்ற தண்ணீர் அந்த வேகத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நீர்மட்ட வித்தியாசமே ஓதத்தோடு கூடிக் குறைந்தால்? அந்தச் சமன்பாட்டைக் கையால் தீர்க்க முடியாது, பைத்தானில் இருபது வரி எழுத வேண்டும். இதைப் படிக்கும்போதே தாளை எடுக்கத் தோன்றினால் அது ஒரு தகவல். 'சுவாரசியமாக இருக்கிறது, விடை என்ன?' என்று மட்டும் தோன்றினால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரு கணக்கை வைத்து வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டாம். 12 வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு 8 மணி நேரம். ஹாஸ்டலில் அதற்கு மேல் சாத்தியமில்லை, தேவையும் இல்லை. முதல் நான்கு வாரம் கால்குலஸும் எளிய வகைக்கெழுச் சமன்பாடுகளும். அடுத்த நான்கு வாரம் இயக்கவியல்: தணியும் அலைவு, கோண உந்தம், மைய விசை. கடைசி நான்கு வாரம் நிலைமின்னியலும் வெக்டர் கால்குலஸும். பாடத்துக்கு என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்பைப் பார்க்கும் நேரத்தை அந்த 8 மணியில் சேர்க்காதீர்கள், கணக்குப் போடும் நேரம் மட்டுமே கணக்கு. வாரத்துக்குப் பத்துக் கணக்கு, விடைப்பக்கம் பார்க்காமல், தாளில். எத்தனை கணக்கு வந்தது என்பதைவிட, வராத கணக்குக்கு மறுநாள் நீங்களாகத் திரும்பி வந்தீர்களா என்பதுதான் என் அளவுகோல். பாதிக்கு மேல் சுயமாக வந்து, வராதவற்றை விட மனம் வரவில்லை என்றால் ஆசை உண்மையானது. ஆறாவது வாரத்தில் நோட்டு எங்கே என்றே தெரியவில்லை என்றால், உங்களுக்குத் தேவைப்பட்டது இயற்பியல் அல்ல, மருத்துவத்திலிருந்து ஒரு இடைவெளி. இந்த 12 வாரத்தை உள்மதிப்பீட்டுத் தேர்வுகளோடு மோத விடாதீர்கள். வருகைப்பதிவு தியரிக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம் வேண்டும். விடப்போகிறோம் என்ற நினைப்பில் அதைக் கோட்டைவிட்டால், தங்குவதற்கு முடிவெடுத்தாலும் ஒரு பருவம் போய்விடும்.

நீங்கள் எழுதாத ஒரு விஷயம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிளஸ் டூவில் கணிதம் இருந்ததா? பயோ-மேத்ஸ் குரூப் என்றால் கவலையில்லை. தாவரவியல், விலங்கியல் எடுத்த தூய அறிவியல் குரூப் என்றால், பி.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் தகுதியே கேள்விக்குறியாகும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணிதத்தை மட்டும் எழுத வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று சேரப்போகும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். கணிதம் இல்லாமல் 12 வாரச் சோதனையில் இறங்கினால் முதல் நான்கு வாரத்தை எட்டாக நீட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்வது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. எம்.பி.பி.எஸ். சீட்டை விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் நல்ல இடத்துக்குப் போங்கள். ஏதோ ஒரு பி.எஸ்ஸி. கிடைத்தால் போதும் என்று விடாதீர்கள். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழு. நமக்குக் கிட்டத்தில் இருப்பவை திருவனந்தபுரமும் திருப்பதியும். ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு, தொடக்கத்தில் எல்லா அறிவியலும் படித்துவிட்டுப் பிறகு இயற்பியலை முதன்மையாக எடுக்கலாம். நுழைவுத்தேர்வான ஐ.ஏ.டி.யில் 60 கேள்விகள், 180 நிமிடம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 15. நீட் எழுதி வந்த உங்களுக்கு முக்கால் பகுதி ஏற்கெனவே பழகிய பாடம், மீதிக் கால் பகுதிதான் உழைப்பு. புவனேஸ்வரில் இருக்கும் தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான நைசருக்கு நெஸ்ட் தேர்வு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்ஸி. உண்டு, அதன் நுழைவுத்தேர்வு முழுக்கக் கணிதம், கடினம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி.க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத்தேர்வான சி.யு.இ.டி. எழுத வேண்டும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நடுவில் நிற்க ஆசையென்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் மருத்துவ அறிவியல்-பொறியியல் பி.எஸ். படிப்பையும் பாருங்கள், அதற்கும் ஐ.ஏ.டி. மதிப்பெண்தான்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தத் தேர்வுகள் பலவற்றில் பிளஸ் டூ முடித்த ஆண்டுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டை எழுத பிளஸ் டூ முடித்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும்தான், அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது. நீட்டுக்காக ஒரு வருடம் ரிப்பீட் செய்தவர் என்றால் மற்றவற்றிலும் விளிம்பில் நிற்பீர்கள். அந்த ஆண்டுக்கான அறிவிக்கையில் 'தேர்ச்சி பெற்ற ஆண்டு' என்ற வரியை முதலில் படியுங்கள், பாடத்திட்டத்தைப் பிறகு படிக்கலாம்.

இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்ற இடங்களில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேர்வதும் நேர்மையான வழிதான். கட்டணம் குறைவு, இராமநாதபுரம் என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனால் அந்த மூன்று வருடமும் வகுப்புக்கு வெளியே நீங்களே உங்களுக்கு ஆசிரியராக இருக்க வேண்டும். 12 வாரச் சோதனை நன்றாகப் போனவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

'முடித்துவிட்டுப் போனால்?' என்பதற்கு வருவோம். எம்.பி.பி.எஸ். பட்டத்தை வைத்து நேராக எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேர முடியாது, அதற்குப் பட்டப்படிப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். ஆக நாலரை வருடமும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் முடித்து, மறுபடி பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பி.எஸ்ஸி. வகுப்பில் உட்கார வேண்டும். கோட்பாட்டு இயற்பியல்தான் இலக்கு என்றால் இது பெரிய விலை. கணிதம் தொடாமல் நாலைந்து வருடம் போனால் கை மறந்துவிடும். உயிர் இயற்பியல், மருத்துவக் கருவிகள், மூளை ஆய்வு, படிமவியல் இவற்றில் மனம் இருந்தால் கதை வேறு. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களை உயிரியல் பி.எச்டி.க்கு நேரடியாக எடுக்கும் ஆய்வு நிறுவனங்கள் உண்டு. ஐ.ஐ.டி. காரக்பூரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கென்றே மூன்று வருட மருத்துவ அறிவியல்-தொழில்நுட்ப முதுகலை இருக்கிறது. அந்தத் துறைகளில் வார்டைப் பார்த்த மருத்துவர் என்பது உண்மையான பலம். ஆனால் ஒன்று: 'முடித்துவிட்டுப் போகிறேன்' என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் போவதில்லை. இன்டர்ன்ஷிப் முடிந்ததும் பி.ஜி. நீட், சம்பளம், கல்யாணப் பேச்சு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். இது என் அபிப்பிராயம்தான், புள்ளிவிவரமில்லை.

ஊரில் யாரிடம் கேட்டாலும் கலாம் பெயரைச் சொல்வார்கள். அவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954இல் இயற்பியலை முடித்துவிட்டு, சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலுக்குப் போனவர். அதாவது இயற்பியலிலிருந்து வெளியே போனவர். கலிலியோ பீசாவில் மருத்துவம் சேர்ந்து 1585இல் பட்டம் வாங்காமல் விட்டார். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் மருத்துவத்தை முடித்து, ராணுவ மருத்துவராக இருந்து, 1871இல் பெர்லினில் இயற்பியல் பேராசிரியரானார். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு உதாரணம் கிடைக்கும். ஒதுக்கி வையுங்கள்.

காலக்கணக்கு இது. இப்போது 20 வயது என்றால் 25இல் எம்.எஸ்ஸி., 30, 31இல் பி.எச்டி., அதன் மேல் இரண்டு மூன்று வருடம் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணி. நிலையான ஆய்வு வேலை 33, 34 வயதில், அதுவும் கிடைத்தால். பி.எச்டி. காலத்தில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பின் 42,000. ஒரு ஆள் வாழலாம், கொஞ்சம் வீட்டுக்கும் அனுப்பலாம். தங்கை கல்யாணத்தையும் படகுக் கடனையும் அதில் தாங்க முடியாது. எம்.எஸ்ஸி.யோடு பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுதலாம். இந்தப் பாதையை இரண்டாந்தரமாக நினைப்பவர்கள் இயற்பியலுக்குப் போகவே வேண்டாம், ஏனென்றால் இயற்பியல் படித்தவர்களில் கணிசமானவர்கள் கடைசியில் நிற்கும் இடம் வகுப்பறைதான்.

பணத்தில் உடனடியாக வரும் செலவு, இடையில் நிற்பதற்கான தண்டத்தொகை. சேரும்போது நீங்களும் அப்பாவும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் அது எழுதியிருக்கும், உங்கள் ஆண்டுக்குரிய தகவல் தொகுப்பேட்டிலும் இருக்கும். சீனியர் சொன்ன தொகையை நம்பாதீர்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. கலந்தாய்வு முடிந்த பிறகு காலியாகும் சீட் யாருக்கும் போகாமல் வீணாவதால்தான் இந்தத் தண்டம், மன்றாடிக் குறைக்கும் வகையைச் சேர்ந்ததில்லை. கல்விக்கடன் இருந்தால், படிப்பை நிறுத்தியதும் தவணை எப்போது தொடங்கும் என்று வங்கிக் கிளையில் கேளுங்கள். விட்ட பிறகு மனம் மாறினால் பழைய சீட் திரும்பி வராது, மறுபடி நீட்தான்.

கடற்கரைக் குடும்பத்துக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இயற்பியல் சேர்க்கைக்கான விண்ணப்பம், தேர்வு, கட்டணம் பெரும்பாலும் விழுவது அதே மாதங்களில். அப்பா கரையில் இருப்பார், நிதானமாகப் பேச நல்ல காலம். கையில் காசு இருக்காது, கடன் வாங்க மோசமான காலம். தண்டத்தொகைக்காக மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்க மட்டும் வீட்டை விடாதீர்கள். அந்தப் பணம் தீரும்வரை பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும், வட்டியைவிட அதுதான் கனம். தேவையான தொகையை மாசி, பங்குனியிலேயே கணக்கிட்டு, நகைக்கடனா கூட்டுறவு வங்கியா என்று முடிவு செய்துகொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அப்பாவிடம் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஆரம்பிப்பதைவிட, எத்தனை வருடம், எவ்வளவு பணம், எங்கே சீட் என்று எழுதிய ஒரு தாளோடு உட்காருவது நல்லது. ஊரின் முதல் டாக்டர் என்று அவர் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார். அந்த வருத்தத்துக்கு உங்களிடம் பதில் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை.

தூரத்திலிருந்து என்னால் கணிக்க முடியாதது உங்கள் மனநிலை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, இயற்பியல் உட்பட எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், முதலில் உங்கள் கல்லூரி மனநலத் துறைக்குப் போங்கள். அங்கே தெரிந்த முகம் என்று கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். அந்த நிலையில் எடுக்கும் எந்த முடிவும் ஆறு மாதம் பொறுக்கட்டும். எம்.பி.பி.எஸ். முடிக்க மொத்தம் ஒன்பது வருடம் அனுமதி இருப்பதால், பல்கலைக்கழக அனுமதியோடு எடுக்கும் இடைவெளி உலகத்தின் முடிவல்ல.

எல்லாம் பார்த்து விடுவதென்றே முடிவானால், வரிசை முக்கியம். முதலில் பத்திரத்தின் நகலைக் கையில் வாங்குங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல் நான்கைந்து செட் எடுத்து வையுங்கள், அசல்கள் கல்லூரியில் இருக்கும். இயற்பியல் சீட்டின் ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு டீனுக்கு விண்ணப்பம், பெற்றோர் கையெழுத்தோடு. நூலகம், ஹாஸ்டல், துறைகள் எல்லாவற்றிலும் நிலுவையில்லாச் சான்று வாங்க ஒரு வாரம் பிடிக்கும். ஒரு துறைத்தலைவர் விடுப்பில் போனாலும் அது பத்து நாளாகிவிடும். தண்டத்தொகை கட்டினால்தான் அசல் சான்றிதழ் வரும், அசல் இருந்தால்தான் புதிய கல்லூரியில் சேர்க்கை உறுதியாகும். நல்ல சீட் கிடைத்தும் கைநழுவுவது இந்த இடைவெளியில்தான். ஒதுக்கீடு வந்த அன்றே புதிய கல்லூரிக்கு எழுதி, அசலைச் சமர்ப்பிக்க இரண்டு வார அவகாசமும் உறுதிமொழிப் பத்திரத்தின் மாதிரியும் கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் இடப்பெயர்வுச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விலகல் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் 'மேற்படிப்பு மாற்றம்' என்ற இரண்டு சொல் போதும். கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.